இரவை அளக்கும் மொச்சை

வானிலைச் செய்தியைத் தவறாமல் கேட்பவர்களுக்குத் திருத்தணி என்றால் வெயில்தான். சித்திரை, வைகாசி மாதங்களில் அன்றன்றைக்கு அதிக வெப்பம் பதிவான ஊர்களைச் சொல்லும்போது வேலூரும் திருத்தணியும் மாறி மாறி வரும். நாற்பது டிகிரி செல்சியஸைத் தாண்டினாலும் உள்ளூரில் யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. இப்படிப்பட்ட ஊரின் குளிர்காலச் சமையலைப் பற்றி எழுதினால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். மார்கழி விடியலில் வெப்பம் இருபது டிகிரிக்குச் சற்றுக் கீழே இறங்கும். அவ்வளவுதான் இங்கே குளிர்.

ஆனாலும் அது குளிர்தான். ஆடையில்லாத மனித உடல் நடுங்காமலும் வியர்க்காமலும் இருக்கக்கூடிய காற்றின் வெப்பம் 28 முதல் 30 டிகிரி வரை. மெல்லிய பருத்தி வேட்டி, தலையில் ஒரு துண்டு, வெயிலுக்கென்று கட்டிய காற்றோட்டமான வீடு என்று வாழ்பவருக்குப் பதினெட்டு டிகிரியே போதும், பல்லைக் கடிக்க. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் வெளுத்துவிட்டால் தரை தன் சூட்டை இரவெல்லாம் வானத்துக்கு இறைத்துவிடும். காலையில் வயலெங்கும் பனி கோத்திருக்கும்.

அந்த நாட்களில் திருத்தணிப் பக்கத்து வீடுகளில் கேவுரு களியும் பிதுக்கம் பருப்புக் குழம்பும் மணக்கும். கேவுரு என்பது கேழ்வரகு; வட ஆற்காட்டுப் பேச்சில் அதற்கு அதுதான் பெயர். பச்சை மொச்சையை உரித்து, இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் ஒவ்வொரு கொட்டையாகத் தோலிலிருந்து பிதுக்கி எடுத்தால் கிடைப்பது பிதுக்கம் பருப்பு. தெலுங்கு பேசும் வீடுகளில் இதுவே பிதிகிபப்பு. ஆந்திரப் பக்கம் நகரி, புத்தூர், சித்தூர் வரைக்கும் களி சங்கடி ஆகும். குழம்பில் காரம் ஒரு பிடி கூடும். மற்றபடி ஒரே சாப்பாடு. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பலன் அது. சமையலறையில் அந்தக் கோடு எந்தப் பக்கம் போகிறது என்று இன்றைக்கும் சொல்ல முடியாது.

தொட்டுக்கொள்ள வேர்க்கடலைத் துவையல், முருங்கைக்கீரைப் பொரியல். களி இல்லாத நாளில் சோற்றுக்குக் கொள்ளு ரசம், ராத்திரிக்குச் சுக்குக் காப்பி. எதைப் பற்றிக் கேட்டாலும் வீட்டில் ஒரே பதில்தான்: "உடம்புக்குச் சூடு கொடுக்கும், குளிருக்கு நல்லது." இதைச் சோதித்துப் பார்க்கலாம். எவ்வளவு சூடு கொடுக்கும்?

ஒரு பெரிய களி உருண்டை ஏறக்குறைய 300 கிராம் இருக்கும். வாயில் வைக்கும்போது அதன் வெப்பம் 60 டிகிரி என்று கொள்வோம். உடலுக்குள் போய் 37 டிகிரிக்கு இறங்குகையில் அது விட்டுச்செல்லும் வெப்பம் சுமார் 6 கிலோ கலோரி. 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலை ஒரு டிகிரி சூடேற்ற 50 கிலோ கலோரி வேண்டும். ஆகக் களியின் சூடு உடலை உயர்த்துவது ஒரு டிகிரியில் எட்டில் ஒரு பங்கு. அதுவும் ஒரு துளிகூட வெளியே போகாமல் இருந்தால். சும்மா உட்கார்ந்திருக்கும் உடலே மணிக்கு 60, 70 கிலோ கலோரி வெப்பத்தை உண்டாக்குகிறது. களி கொண்டுவந்த சூடு அந்த உடலின் ஐந்து ஆறு நிமிட உற்பத்திக்குத்தான் சமம்.

திருத்தணியில் இதை ஒப்பிட்டுப் பார்க்க நல்ல அளவுகோல் ஒன்று உண்டு. முருகன் கோயிலுக்கு 365 படிகள். ஆங்கில வருஷக் கடைசி இரவில், டிசம்பர் 31 அன்று, படி ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றிப் பாடிக்கொண்டே ஏறுவார்கள். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்த படித் திருவிழா. படிக்கு 15 சென்டிமீட்டர் என்று வைத்தால் மொத்த ஏற்றம் 55 மீட்டர். நம் 60 கிலோ பக்தரைப் புவியீர்ப்புக்கு எதிராக அவ்வளவு உயரம் தூக்க வேண்டிய வேலை எட்டு கிலோ கலோரிக்கும் குறைவு. ஆனால் தசை ஒரு சிக்கனமில்லாத இயந்திரம். செலவழிப்பதில் கால்பங்குதான் வேலையாகிறது, முக்கால்பங்கு சூடாகவே போய்விடுகிறது. ஆகவே மலையேறி முடிப்பதற்குள் 23 கிலோ கலோரி அளவுக்கு வெப்பம் உடலுக்குள் பிறந்திருக்கும். களி உருண்டையின் சூட்டைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. குளிருக்குப் போர்த்திய துண்டு பாதி மலையிலேயே இடுப்புக்கு வருவது இதனால்தான்.

அதற்காக வீட்டுப் பெரியவர்கள் சொன்னது தப்பு என்று முடிவுகட்டிவிட வேண்டாம். களியில் இன்னொரு சூடு இருக்கிறது. அது வெப்பமானியில் தெரியாது. அந்த உருண்டைக்குள் இருக்கும் மாவும் நொய்யும் செரித்து எரிந்தால் கிடைப்பது 300 கிலோ கலோரிக்கு மேல். செரிப்பதும், சிறு துண்டுகளாக உடைப்பதும், சேமிப்பதும் உடலுக்கு வேலை. அந்த வேலையின் கழிவு வெப்பம். மாவுச்சத்தில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்கு இப்படிச் சூடாகப் போகும். கொழுப்பில் மூன்று பங்குக்கு மேல் போகாது. புரதத்தில் இருபது முதல் முப்பது பங்கு. பருப்பும் கொள்ளும் 'சூடு' என்று பெயர் வாங்கியதற்கு ஏதாவது உடலியல் காரணம் இருக்குமானால் அது இந்தப் புரதமாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். கொள்ளில் நூறு கிராமுக்கு 22 கிராம் வரை புரதம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து வயிற்றிலிருந்து பரவுகிற கதகதப்பு பிரமை இல்லை.

இனி களியின் உருவத்துக்கு வருவோம். ஒரு டம்ளர் ரசம் ஆறுவதற்கும் அதே எடையுள்ள களி ஆறுவதற்கும் உள்ள வித்தியாசம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ரசத்தில் மேற்பரப்பு ஆறியதும் கனத்துக் கீழே இறங்கும், அடியிலிருக்கும் சூடான நீர் மேலே வரும். உள்சூடு தானாகவே வெளியே வந்து ஆவியோடு ஓடிவிடும். களியில் இந்த ஓட்டம் கிடையாது. முதலில் நொய்யைக் குழைய வேகவிட்டு, நடுவில் மாவைக் குவித்து, மூடிவைத்து ஆவி ஏற்றி, பிறகு மரத் துடுப்பால் கட்டியில்லாமல் கிளறுகிறார்கள். 65, 70 டிகிரியைத் தாண்டும்போது மாவின் நுண்மணிகள் தண்ணீரைக் குடித்து உப்பி, வெடித்து, ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. தண்ணீர் அந்த வலைக்குள் சிறைப்பட்டுவிடுகிறது. களியில் பெரும்பங்கு தண்ணீர்தான், ஆனால் அதனால் ஓட முடியாது. இனி உள்ளிருக்கும் சூடு வெளியே வர ஒரே வழி, அணு அணுவாகக் கடத்தப்படுவது. அது மெதுவான வழி.

எவ்வளவு மெதுவாக என்பதைப் பருமன் தீர்மானிக்கிறது. எட்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டையின் நடுப்பகுதி கணிசமாக ஆறக் குறைந்தது இருபது நிமிடம் ஆகும். விட்டத்தைப் பாதியாக்கினால் நேரம் பாதியாகாது, கால்பங்காகும், ஐந்து நிமிடம். வெப்பம் கடத்தப்படும் நேரம் தூரத்தின் வர்க்கத்தோடு கூடும் என்ற விதி இது. கையை நனைத்துக்கொண்டு களியை இவ்வளவு பெரிதாக உருட்டுவதற்கும், நடுவில் குழி பண்ணிக் குழம்பை ஊற்றுவதற்கும், விளிம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிட்டு உள்நோக்கிப் போவதற்கும் இந்த விதி நன்றாகப் பொருந்துகிறது. கடைசி வாய் வரை சூடு இருக்கும். சின்னச் சின்ன உருண்டைகளாகத் தட்டில் அடுக்கி அழகு பார்க்கும் உணவகங்கள் களியின் பாதிக் குணத்தைப் பரிமாறுமுன்பே தொலைத்துவிடுகின்றன.

இதே கேவுரு, ஐந்தாறு மாதம் முன்னால், ஆடியில் வேறு வேடத்தில் வந்திருக்கும். மாரியம்மன் கோயில்களில் ஊற்றும் கூழ் இதே மாவுதான். கரைத்துப் புளிக்கவைத்துக் காய்ச்சி, ஆறவிட்டு, மோரும் வெங்காயமும் சேர்த்துக் குடிப்பது. அப்போது அது 'குளிர்ச்சி', மார்கழியில் களியானால் 'சூடு'. தானியம் ஒன்றே என்னும்போது இந்த இரண்டு பெயரும் தானியத்தைப் பற்றியவையாக இருக்க முடியாது. ஆறிய கூழில் மாவுச்சத்தின் நீண்ட இழைகளில் ஒரு பகுதி மறுபடி நெருங்கி அடுக்காகிவிடும்; அந்த அடுக்கைச் சிறுகுடலின் நொதிகளால் எளிதில் உடைக்க முடியாது, பெருங்குடல் நுண்ணுயிர்களுக்கே அது போய்ச் சேரும். சூடான களியில் அந்த அடுக்கு இன்னும் உண்டாகியிருக்காது, மாவு முழுக்கத் திறந்து கிடக்கும். கேழ்வரகு என்றாலே சர்க்கரை நோய்க்கு மருந்து என்று நம்பி நைசாக அரைத்த மாவில் களி கிண்டிச் சாப்பிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தனிக் களி வேகமாகவே செரிக்கும். அதைத் தாமதப்படுத்துவது கூடவரும் குழம்பின் புரதமும் நாரும்தான். கேழ்வரகின் உண்மையான பெருமை வேறு: தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணைப்படி நூறு கிராமில் 364 மில்லிகிராம் கால்சியம். அரிசியில் அது பத்தைக்கூட எட்டாது.

காரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், இப்போது பலருக்கும் தெரிந்த கதை அது. நாக்கிலும் தொண்டையிலும் சூட்டை உணர்த்தும் ஒரு நரம்புக் கதவு உண்டு. 43 டிகிரியைத் தொட்டால் அது திறந்து, சுடுகிறது என்று மூளைக்குத் தகவல் போகும். மிளகாயின் கேப்சைசின் அதே கதவைச் சாதாரண வெப்பத்திலேயே திறந்துவிடுகிறது. டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997இல் இதைக் கண்டறிந்தார்கள்; 2021இல் அவருக்கும் ஆர்டெம் படாபூட்டியனுக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. மிளகாய் அமெரிக்காவிலிருந்து வந்த சரக்கு. அதற்கு முன்னால் அந்தக் கதவை இங்கே திறந்துகொண்டிருந்தது மிளகின் பைப்பரின். சுக்குக்கும் பங்குண்டு: இஞ்சி காயும்போது அதிலுள்ள ஜிஞ்சரால் நீரிழந்து ஷோகாலாக மாறுகிறது, இஞ்சியைவிடச் சுக்கு கடுமையாக உறைப்பது அதனால். வேடிக்கை என்னவென்றால், 'சுடுகிறது' என்ற பொய்த் தகவலை நம்பும் மூளை தோலின் ரத்தக் குழாய்களை விரித்து, நெற்றியில் வியர்வையை வரவழைக்கிறது. அதாவது உடல் சூட்டை வெளியேற்றுகிறது. இமயமலையில் இது ஆபத்தான காரியம். திருத்தணியின் பதினெட்டு டிகிரியில் இந்த நஷ்டத்தை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. செரிமானச் சூடு ஆனியிலும் உண்டு, களி ஐப்பசியிலும் ஆறாமல் இருக்கும், காரம் எப்போதும் காரம்தான். அப்படியிருக்கக் களியும் பிதுக்கம் பருப்பும் மார்கழி, தைக்கென்றே ஒதுங்கியது ஏன்? குளிர் என்று பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மொச்சைச் செடியைக் கேட்டால் அது இரவைக் கைகாட்டும்.

இந்தப் பக்கத்தில் மொச்சையை ஆடி, ஆவணியில் வேர்க்கடலைக்கு ஊடே விதைப்பார்கள். மழை தப்பி ஒரு மாதம் முன்பின்னாக விதைத்தாலும் பூப்பதென்னவோ ஏறக்குறைய ஒன்றாகத்தான் பூக்கும். முந்தி விதைத்த செடி சும்மா கொடியும் இலையுமாக வளர்ந்துகொண்டே இருக்கும், பின்னால் வந்தது சிறியதாக இருக்கும்போதே பூவெடுத்துவிடும். வயது பார்த்துப் பூக்கிற செடி இப்படிச் செய்யாது. நாட்காட்டி பார்த்துப் பூக்கிற செடிதான் இப்படிச் செய்யும்.

செடிகளுக்கு நாட்காட்டி உண்டு என்பது 1920இல் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னர், ஆலார்ட் இருவரும் உறுதிசெய்தது. மேரிலாண்டில் ஒரு புகையிலை வகை கோடையில் ஆளைவிட உயரமாக வளரும், பூக்காது; குளிர்காலத்தில் கண்ணாடிக் கூடத்துக்குள் வைத்தால் குட்டையாக இருக்கும்போதே பூக்கும். குளிர், ஈரம், உரம் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் பகலின் நீளம் என்று தெரிந்தது. 1938இல் ஹாம்னரும் பானரும் இன்னொரு படி போனார்கள். நீண்ட இரவின் நடுவில் சில நிமிடம் விளக்கைப் போட்டால் போதும், பூப்பது நின்றுவிடும். பகலின் நடுவில் இருட்டாக்கினால் ஒன்றும் ஆவதில்லை. ஆக, செடி அளப்பது பகலையல்ல, தடங்கலில்லாத இருட்டை. இலையிலுள்ள ஃபைட்டோகுரோம் என்ற நிறமிப் புரதம் சிவப்பொளி பட்டால் ஒரு வடிவத்துக்கும் இருட்டில் மெல்ல இன்னொரு வடிவத்துக்கும் மாறும்; செடியின் உட்கடிகாரம் அதைப் படித்துக்கொள்கிறது.

திருத்தணி நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகல் 12 மணி 54 நிமிடம், மிகக் குறுகியது 11 மணி 20 நிமிடம். வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். ஐரோப்பாவில் பகல் பாதியாகச் சுருங்குவதைக் குழந்தைகூடக் கவனிக்கும். இங்கே பெரியவர்களே சரியாகக் கவனிப்பதில்லை. மொச்சைக்கு அது போதும். புரட்டாசி கடந்து இரவு பன்னிரண்டு மணியைத் தாண்டி நீளும்போது அரும்பெடுத்து, கார்த்திகையில் பூத்து, மார்கழியில் காய் தள்ளுகிறது. மாலைச் சந்தையில் பச்சை மொச்சை குவிகிறபோது ஊரில் குளிரும் இருப்பது ஒரு காரணத்தின் இரண்டு விளைவுகள்: சூரியன் தெற்கே போயிருக்கிறது.

குளிருக்கு இதில் ஒரு வேலையுமே இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது. அது வயலில் இல்லை, ஊறவைத்த பாத்திரத்தில். பிதுக்குவதற்கு மொச்சை எட்டுப் பத்து மணி நேரம் தண்ணீரில் கிடக்க வேண்டும். உள்ளே இரண்டு பருப்பும் நீர் குடித்து உப்பும், தோல் தளரும். ஒரு முனையை விரலால் அமுக்கினால் மறுமுனை வழியாகப் பருப்பு துள்ளி வெளியே விழும். சித்திரை மாதத்து இரவில் இதைச் செய்தால் விடிவதற்குள் தண்ணீர் நுரைத்து வாடை வந்துவிடும், நுண்ணுயிர்கள் அவ்வளவு வேகமாகப் பெருகும். மார்கழி இரவில் அவை சோம்பிக் கிடக்கும். அதே சோம்பலால்தான் தோசை மாவும் அந்த மாதத்தில் காலையில் பொங்கி நிற்காமல் வீட்டுக்காரர்களைச் சோதிக்கிறது. ஒரே குளிர் ஒரு பாத்திரத்தில் உதவுகிறது, பக்கத்துப் பாத்திரத்தில் கெடுக்கிறது.

பிதுக்குவது வெறும் நாக்குருசிக்கான சிரமம் என்று சொல்லிவிட முடியாது. துவர்க்கும் டானின்கள் பெரும்பாலும் தோலில் இருக்கின்றன. அவை புரதத்தோடு ஒட்டிக்கொண்டு செரிமானத்தைத் தடுக்கும். வயிற்றில் வாயு உண்டாக்கும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளில் ஒரு பங்கு ஊறிய நீரோடு போய்விடும். இவற்றை உடைக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை. புரதச் செரிமானத்தைத் தடுக்கும் இன்னொரு பொருள் தானே ஒரு புரதம். கொதியில் அது செயலிழந்துவிடும். வீட்டில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டே செய்கிற வேலைக்கு இவ்வளவு பலன். ஒற்றை ஆளாகச் செய்தால் முதுகு ஒடியும், அதையும் சொல்லத்தான் வேண்டும். பெரும்பாலும் அந்த ஒற்றை ஆள் யார் என்பதும் தெரிந்ததே.

தட்டில் இருப்பவற்றில் வெளியூர்க்காரர்களும் உண்டு. கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களிலிருந்து வந்தது. மொச்சையின் காட்டு மூதாதையும் அந்தக் கண்டத்துக்காரர்தான். ரசத்திலுள்ள கொள்ளு மட்டும் தென்னிந்திய மண்ணில் பழக்கப்பட்டது. திருப்பத்தூர் அருகே பையம்பள்ளியில் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் புதிய கற்காலத்து மக்கள் விட்டுப்போன கரிந்த கொள்ளும் பாசிப்பயறும் கிடைத்திருக்கின்றன.

இப்போது இரவைப் பொருட்படுத்தாத மொச்சையும் வந்துவிட்டது. பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஹெப்பாள் அவரை வகைகள் எந்த மாதம் விதைத்தாலும் குறித்த நாளில் பூத்துக் காய்த்துவிடும். விவசாயிக்கு லாபம். வைகாசியில் பிதுக்கம் பருப்புக் குழம்பு சாப்பிட ஆசைப்படுபவருக்கும் லாபம்; எனக்கு அந்த ஆசை இல்லை, நாற்பது டிகிரியில் களி கிண்டும் அடுப்பின் முன்னால் நிற்கப்போவது யார் என்பதுதான் என் முதல் யோசனை.

பழைய நாட்டு வகைகளுக்கு வேறு சங்கடம் வரலாம். இருட்டை அளக்கும் பயிர்களுக்குத் தெருவிளக்கு எதிரி. விளக்கடியில் நிற்கும் சோயாச் செடிகள் மற்றவை முற்றிய பின்னும் பச்சையாகவே நிற்பது பல நாடுகளில் கண்கூடு. சென்னை–திருப்பதி சாலையோரம் இரவெல்லாம் எரியும் விளக்குகள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டிருக்கின்றன. கொல்லையில் அவரைப் பந்தலோ மொச்சைக் கொடியோ வைத்திருப்பவர்கள் இதைத் தாங்களே பார்த்துக்கொள்ளலாம். நாட்டு வகை விதையாக இருக்க வேண்டும். புரட்டாசி தொடங்கியதும் கொடியின் ஒரு பக்கத்துக்கு மட்டும் ஒரு விளக்கைக் கட்டிவிடுங்கள், தினமும் நடுராத்திரியில் அரை மணி நேரம் எரியட்டும். மறுபக்கத்துக்கு வெளிச்சம் போகாமல் ஒரு சாக்கைத் தொங்கவிடுங்கள். கார்த்திகையில் இரண்டு பக்கத்துப் பூக்கொத்துகளையும் எண்ணிப் பாருங்கள். குழம்புக்கு இருட்டுப் பக்கத்துக் காய் போதாவிட்டால் விளக்கை அவிழ்த்துவிடலாம், தைக்குள் அந்தப் பக்கமும் காய்க்க நேரம் இருக்கும்.